சீருடையைக் கழற்றியவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளியும் போரில் இறந்தவர்களுக்காக நவம்பர் 11-ஐ ஒட்டி வரும் நினைவு ஞாயிறும் கிட்டத்தட்ட அடுத்தடுத்து வருகிற காலம் இது. டர்பன் நகர மண்டபத்துக்கு எதிரே இருக்கும் போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைப்பார்கள், இரண்டு நிமிடம் மௌனமாக நிற்பார்கள். அந்த மௌனமே நம் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய வழக்கம்தான். 1918-இல் கேப் டவுனில் நண்பகல் பீரங்கிச் சத்தம் கேட்டதும் ஊரே வேலையை நிறுத்திவிட்டு நின்றது, பிறகுதான் மற்ற நாடுகள் எடுத்துக்கொண்டன. நல்லது, நடக்கட்டும். என் கவலையெல்லாம் அதற்கு மறுநாளைப் பற்றியது. சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், மெர்பாங்க், லெனேசியா என்று நம் இந்திய வம்சாவளி ஆட்கள் வாழும் இடங்களில் எல்லாம் முன்னாள் ராணுவத்தினர் இருக்கிறார்கள், ஆனால் பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூட அது தெரியாது.

நம்மவர்கள் போர்முனைக்குப் போனது நேற்று இன்று நடந்த விஷயம் இல்லை. 1899-இல் பிரிட்டிஷாருக்கும் டச்சு வழி வந்த போயர்களுக்கும் இடையே போயர் போர் தொடங்கியபோது, டர்பன் இருக்கும் நேட்டாலில் பிரிட்டிஷ் தரப்புக்காகக் காந்தி திரட்டிய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர் இருந்தார்கள், அதில் பெரும்பகுதி ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்தவர்கள். காயம்பட்ட சிப்பாய்களை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு ஒரு நாளில் 20, 25 மைல்கூட நடந்திருக்கிறார்கள். போர்ப் பதக்கம் வந்தபோது அது படையின் தலைவர்களுக்குத்தான் வந்தது. இரண்டாம் உலகப் போரிலும் இந்தியர்களைத் தனிப் பிரிவில் சேர்த்து, கையில் துப்பாக்கி கொடுக்காமல் லாரி ஓட்டவும் சமைக்கவும் காயம்பட்டவர்களைத் தூக்கவும் வைத்தார்கள். என் பெரியப்பா அப்படி வட ஆப்பிரிக்காவில் லாரி ஓட்டியவர். அவர் இருந்தவரை எங்கள் குடும்பத்தில் யாரும் அவரை உட்காரவைத்து, அங்கே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டதில்லை.

அந்தத் தலைமுறை போய்விட்டது. இப்போது இருப்பவர்கள் அறுபது எழுபது வயதுக்காரர்கள், இங்கேதான் நமக்குச் சங்கடம் வருகிறது. இனவெறி ஆட்சியை எதிர்த்து 1961 டிசம்பர் 16-இல் தொடங்கிய, ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் ஆயுதப் படையான உம்கொண்டோ வெ சிஸ்வேயில் சேர்ந்து நாட்டை விட்டுப் போய்ப் பயிற்சி எடுத்தவர்கள் நம்மில் உண்டு. அப்படிப் போன சாட்ஸ்வர்த்தின் லென்னி நாயுடு 1988-இல் கொல்லப்பட்டார், இன்று ஒரு சாலைக்கு அவர் பெயர். அதே காலத்தில் டர்பன் துறைமுகத்தில் சாலிஸ்பரி தீவில் இந்தியர்களுக்கென்றே பழைய இனவெறி அரசு வைத்த ராணுவப் பயிற்சி முகாமுக்கு, சம்பளத்துக்காகப் போன பையன்களும் உண்டு. இரண்டு தரப்பும் இன்று ஒரே கோவிலில் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், பேசிக்கொள்வதில்லை. யாருக்கு எவ்வளவு மரியாதை என்பதில் எனக்கும் உறுதியான கருத்து இருக்கிறது, இனவெறி அரசின் ராணுவத்தை யாரும் போற்ற வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மருந்து வாங்கவும் மருத்துவமனைக்குப் போகவும் முடியாமல் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தால், நீ எந்தப் பக்கம் இருந்தாய் என்று கேட்டுவிட்டுத்தான் உதவ வேண்டுமா? 2011-ஆம் ஆண்டின் முன்னாள் ராணுவத்தினர் சட்டமே விடுதலைப் போரின் எல்லாத் தரப்புப் படைகளையும், அதற்கு முன், நாடு குடியரசாவதற்கு முன்பு இருந்த பழைய யூனியன் படையையும், 1994-க்குப் பிறகு சேர்ந்தவர்களையும் ஒரே பட்டியலில் வைக்கிறது. நாடாளுமன்றம் யோசித்து எடுத்த முடிவு அது, நாமும் அப்படியே செய்யலாம்.

சரி, தினசரி வாழ்க்கையில் என்ன செய்வது? முதலில் காகித வேலை. அந்தச் சட்டத்தின்படி மருத்துவம், பிள்ளைகளின் படிப்பு, வீடு, ஓய்வூதியம், இறுதிச் சடங்குக்கு உதவி என்று பல சலுகைகள், ஒவ்வொன்றுக்கும் நிபந்தனைகளோடு, இருக்கின்றன. ஆனால் அரசின் முன்னாள் ராணுவத்தினர் துறை வைத்திருக்கும் தேசியப் பதிவேட்டில் பெயர் இல்லாவிட்டால் ஒன்றும் நகராது. பெயர் ஏற வேண்டும் என்றால் அடையாள அட்டை நகல், பணியாற்றியதற்கான ஆதாரம், போலீஸ் ஸ்டேஷனில் முத்திரை குத்திய சான்று நகல்கள், இப்படிப் போகிறது. இன்டர்நெட் தெரியாத, கண் சரியாகத் தெரியாத ஒருவரால் இதைத் தனியாகச் செய்ய முடியாது. தலைமறைவாக இருந்து போராடியவரிடம் பணிச் சான்று எங்கே இருக்கும்? கூட இருந்தவர்களைத் தேடிப் பிடித்துச் சாட்சி சொல்ல வைக்க வேண்டும். கோவில் கமிட்டியில் கம்ப்யூட்டர் தெரிந்த இரண்டு பிள்ளைகள், மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, ஒரு மேசை, ஒரு பிரிண்டர் போதும். தமிழ்ப் பள்ளியின் மூத்த மாணவர்களே செய்துவிடுவார்கள், அதோடு அந்தத் தாத்தாக்களின் கதையும் அவர்கள் காதில் விழும்.

அப்புறம் வண்டி. மூன்று பெரிய ராணுவ மருத்துவமனைகளும் பிரிட்டோரியா, கேப் டவுன், ப்ளூம்ஃபோன்டெய்னில் இருக்கின்றன, டர்பனில் இல்லை. இங்கேயே டாக்டரைப் பார்க்கப் போனாலும் விடியற்காலையில் வரிசையில் நிற்க வேண்டும், இரண்டு டாக்ஸி மாற வேண்டும். வேலைக்குப் போகிற வழியில் ஒருவரை இறக்கிவிட்டுப் போவது நமக்குப் பத்து நிமிடக் காரியம், அவருக்கு அது ஒரு நாள் அலைச்சல்.

பட்டாசைப் பற்றிச் சொல்ல எனக்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். நம் தெருக்களில் தீபாவளி வெடிச் சத்தத்தால் நாய்கள் மிரள்வதைப் பற்றி ஒவ்வொரு வருடமும் சண்டை நடக்கிறது. குண்டுச் சத்தத்துக்கு நடுவே இருந்து வந்தவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எங்கள் தெருவில் ஒருவர் அன்று இரவு முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு உள் அறையில் உட்கார்ந்திருப்பார், அவர் மனைவி சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். இந்த வருடம் பிள்ளைகள் போய், அங்கிள், ஏழு மணிக்கு ஆரம்பிப்போம், ஒன்பதுக்கு முடித்துவிடுவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள், பெரிய வெடிகளை மைதானத்துக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். பண்டிகையும் குறையவில்லை, அவரும் வாசலுக்கு வந்து மத்தாப்பு பார்த்தார்.

இளையவர்களும் இருக்கிறார்கள், மறக்க வேண்டாம். 2013-இல் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் தலைநகரான பாங்கியில் நம் வீரர்கள் 13 பேர் ஒரே சண்டையில் இறந்தார்கள், 2025 ஜனவரியில் கிழக்குக் காங்கோவில் 14 பேர். அந்தப் பணிகளுக்குப் போய்த் திரும்பியவர்கள் நாற்பது ஐம்பது வயதில் வேலை தேடி நிற்கிறார்கள். கேட்டில் காவலுக்கு மட்டும்தான் அவர்களை எடுக்கிறோம். கனரக வண்டி ஓட்டுவது, ஸ்டோர் கணக்கு, ரேடியோ, முதலுதவி என்று என்னென்னவோ தெரிந்தவர்கள். நம் கடை முதலாளிகள் நேர்காணலில் அதையும் கேட்கட்டும்.

ஒருவர் இறந்துவிட்டால் நம் வழக்கப்படி சடங்கு சீக்கிரம் முடிந்துவிடுகிறது, அதற்கு அரசு உதவி உண்டு என்பது பதினாறாம் நாள்தான் குடும்பத்துக்குத் தெரியவருகிறது. வீட்டில் இருக்கும் பெண்களிடம் இதை இப்போதே சொல்லி வைக்க வேண்டும். பழைய படங்களையும் சம்பளப் புத்தகங்களையும் தூக்கிப் போடாமல் நகலாவது எடுத்து டர்பனில் நம்மவர் வரலாற்றைச் சேர்த்து வைக்கும் 1860 பாரம்பரிய மையத்தில் கொடுக்கலாம்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பதிவேட்டில் சேர என்னென்ன காகிதம் வேண்டும் என்பதைத் துறையிடம் கேட்டுச் சரிபார்த்து, எளிய தமிழில் அரைப் பக்கம் வெளியிடுங்கள். எங்கள் கோவில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கு நான் இப்போதே இடம் கேட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, சாட்ஸ்வர்த்