பாட்டுப் பெட்டியைத் தூக்கிப் போடச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மின்கழிவு பற்றி வந்த கட்டுரை அவசியமான ஒன்று. ஆனால் அதில் வாக்மேன், ஐபாட், எம்பி3 பிளேயர் எல்லாவற்றையும் ‘இனிப் பயன்படாதவை’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது எனக்கு வருத்தமாக இருந்தது. எங்கள் வீட்டில் அப்படி ஒன்று தினமும் பாடிக்கொண்டிருக்கிறது.

என் அம்மாவுக்கு 78 வயது. கண் அழுத்த நோயால் பார்வை பெருமளவு போய்விட்டது. செல்போனின் வழவழப்பான கண்ணாடியில் எங்கே தொடுவது என்று அவர் விரலுக்குத் தெரிவதில்லை. அண்ணன் 2006-இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த 30 ஜிபி ஐபாடை மட்டும் தடவிப் பார்த்தே இயக்குவார். சக்கரத்தைச் சுற்றினால் டிக் டிக் என்று கேட்கும், நடுவில் அழுத்தினால் பாட்டு. அவருக்கு அது ‘பாட்டுப் பெட்டி’.

ஒருநாள் உள்ளே டக், டக் என்று சத்தம் வந்து, திரையில் அழுமூஞ்சிப் படத்தோடு நின்றுவிட்டது. கடையில், ‘இதற்கெல்லாம் பார்ட்ஸ் வராதும்மா, தூக்கிப் போடுங்க’ என்றார்கள். விசாரித்துப் பார்த்தால், கெட்டுப்போனது உள்ளே சுழலும் 1.8 அங்குல ஹார்டு டிஸ்க் மட்டும்தான். அந்த இடத்தில் ஒரு சிறிய அடாப்டர் பலகையைச் செருகி, கேமராவில் போடுகிற எஸ்டி கார்டையே டிஸ்க்காகப் பயன்படுத்தலாம். சுழலும் பாகம் இல்லாததால் பேட்டரி கூடுதல் நேரம் நிற்கிறது, கீழே விழுந்தாலும் பயம் குறைவு. 64 ஜிபி கார்டோடு சேர்த்து எனக்கு 3,000 ரூபாய்க்குள் முடிந்தது.

செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பின்பக்க எஃகு மூடியைத் திறந்தவுடன் இழுத்துவிடாதீர்கள். பேட்டரியின் ரிப்பன், இயர்போன் ஜாக்கின் ரிப்பன் இரண்டும் மூடிக்கும் ஐபாடின் சுற்றுப் பலகைக்கும் நடுவே காகிதம் போல ஓடும். நான் அவசரத்தில் ஜாக்கின் ரிப்பனைக் கிழித்துவிட்டு, புதியது வர மூன்று வாரம் காத்திருந்தேன். அந்த மூன்று வாரமும் வீடு அமைதியாகக் கிடந்தது.

அப்புறம்தான் ராக்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் பற்றித் தெரிந்துகொண்டேன். 2001-இல் ஆர்க்கோஸ் நிறுவனத்தின் எம்பி3 பிளேயருக்காக ஸ்வீடனைச் சேர்ந்த சிலர் தொடங்கியது. பிறகு ஐபாட் உட்படப் பல கருவிகளுக்கு வந்தது. பாட்டு ஏற்ற ஆப்பிளின் ஐடியூன்ஸ் மென்பொருள் தேவையில்லை, பென் டிரைவில் போடுவது போலப் பாட்டுகளைப் போட்டால் போதும். ஆனால் எங்களுக்கு அதைவிடப் பெரிய விஷயம், அது பேசும் என்பது. ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு சிறு குரல் பதிவை வைத்துவிட்டால், சக்கரம் அதன் மேல் வந்து நிற்கும்போது அந்தக் குரல் ஒலிக்கும். நானே பேசிப் பதிவு செய்தேன்: ‘சீர்காழி’, ‘சூலமங்கலம் சகோதரிகள்’, ‘மதுரை சோமு’, ‘அப்பாவுக்குப் பிடிச்சது’. முன்பெல்லாம் வேண்டிய பாட்டு வரும்வரை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருப்பார். இப்போது அம்மாவே தேடி எடுக்கிறார், யாரையும் கூப்பிடுவதில்லை. இந்த ஐபாடைத் தயாரித்த நிறுவனம் இப்படித் தமிழில் பேசும் வசதியை எங்களுக்குச் செய்து தரவில்லை.

இயர்போன் பழுதும் இப்படித்தான். ஒரு பக்கம் கேட்காவிட்டால் பெரும்பாலும் ஜாக்கின் கழுத்தருகே உள்ளே கம்பி அறுந்திருக்கும். வெட்டிவிட்டு, புது 3.5 மி.மீ. ஜாக்கில் ஈயம் வைத்து (சால்டர் செய்து) இணைக்கலாம். பலரும் இங்கே தோற்றுப்போகக் காரணம், அந்த மெல்லிய கம்பிகளின் மேல் இருக்கும் நிறம் வெறும் நிறமல்ல, எனாமல் பூச்சு. அதன் மேல் ஈயம் ஒட்டாது. நுனியை ஒரு நொடி தீக்குச்சியில் காட்டித் துடைத்துவிட்டு வைத்தால் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்பு நிறம் எர்த், அதாவது இரண்டுக்கும் பொதுவான கம்பி. ஜாக்கின் கழுத்தில் பழைய பால்பாயின்ட் பேனாவின் ஸ்பிரிங்கை மாட்டிவிடுங்கள், அந்த இடம் மறுபடி மடங்காது.

2012-இல் மணிக்கணக்கில் கரண்ட் போனபோது, நியூயார்க்கைச் சேர்ந்த பொறியாளர் லிமோர் ஃபிரைட் வடிவமைத்த ‘மின்டிபூஸ்ட்’ மின்சுற்றைப் பார்த்து ஐபாடுக்கு ஒரு சார்ஜர் செய்தோம். சாதாரண பென்சில் பேட்டரி இரண்டின் 3 வோல்ட்டை 5 வோல்ட்டாக உயர்த்தித் தரும். சுற்றுப்படத்தை அவர் எல்லோருக்கும் திறந்து வைத்திருந்ததால்தான் மதுரையில் ஒரு மிட்டாய் டப்பாவுக்குள் அது சாத்தியமாயிற்று. தகர டப்பா என்றால் உள்ளே இன்சுலேஷன் டேப் ஒட்ட மறக்காதீர்கள்.

கட்டுரையில் இருந்தே ஆக வேண்டிய எச்சரிக்கை ஒன்று விடுபட்டுவிட்டது. உப்பிப்போன லித்தியம் பேட்டரியைக் குத்தவோ, நெம்பவோ, குப்பையில் போடவோ கூடாது, தீப்பிடிக்கும். அதை மின்கழிவுச் சேகரிப்பு மையத்தில்தான் கொடுக்க வேண்டும். அந்த ஒரு பாகம் போகட்டும், மீதிக் கருவி வீட்டில் இருக்கட்டும்.

மாதம் ஒரு பக்கம், படத்தோடு, இதுபோன்ற பழுது வேலைகளுக்கு ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இயர்போன் ஜாக் மாற்றுவதற்கான படங்களை வரைந்து வைத்திருக்கிறேன். சரி என்றால் உடனே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மதுரை