யாங்கோன் ஐக்கியக் கூட்டம்: 2025ஆம் ஆண்டறிக்கை

தலைவர் ஐயா அவர்களுக்கும், போதகர் ஐயா அவர்களுக்கும், வந்திருக்கிற அண்ணன்மார், அக்காமார், பிள்ளைகள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

கணக்கு விவரத்தைப் பொருளாளர் அண்ணன் தனியாக வாசிப்பார். நான் கூட்டங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சென்ற ஜனவரியில் கமிட்டி கூடி, வருஷத்தின் பாடம் 'நிலைத்திருக்கும் சந்தோஷம்' என்றும், பவுல் பிலிப்பி சபைக்கு எழுதின நிருபத்தை மாதத்துக்குக் கொஞ்சமாக வாசிப்பது என்றும் தீர்மானித்தது. கை தூக்காதவன் நான் ஒருவன்தான். மினிட்ஸ் புத்தகத்திலேயே இருக்கிறது. கரண்டு முறை வைத்து வருகிறது, அரிசி விலை இறங்குவதாக இல்லை, வாலிபப் பிள்ளைகள் ஒவ்வொருவராக ஊரை விட்டுப் போகிறார்கள். இந்த நேரத்தில் போய் சந்தோஷம் என்று பாடம் வைப்பதா என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. சிறையில் விலங்கோடு இருந்தவர் எழுதின கடிதம் அது என்று போதகர் ஐயா சொன்னார். சரி என்று விட்டுவிட்டேன்.

முதல் இரண்டு கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன.

மார்ச் 28, வெள்ளிக்கிழமை மதியம் இங்கே மின்விசிறி ஆடியது, தொட்டித் தண்ணீர் தளும்பியது. மண்டலே, சகைங் பக்கம் நடந்ததைப் பிறகுதான் அறிந்தோம். 7.7 அளவு நிலநடுக்கம். மூவாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே சொந்தக்காரர் உள்ள நம் குடும்பங்களுக்குப் போன் கிடைக்கும்வரை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அரிசி, தார்ப்பாய், மருந்து சேர்த்து பஸ்ஸில் அனுப்பினோம். ஏப்ரல் கூட்டத்தில் ஒரு தம்பி எழுந்து, "இந்த மாசம் சந்தோஷப் பாடம் வேண்டாம் அண்ணே" என்றார். போதகர் ஐயா மறுக்கவில்லை. பழைய ஏற்பாட்டு ஆபகூக் புத்தகத்தின் கடைசி வசனங்களை மட்டும் வாசித்தோம்: அத்திமரம் துளிர்க்காமல், தொழுவத்தில் மாடு இல்லாமல் போனாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்கிற இடம். விளக்கம் சொல்லாமல் ஜெபித்துவிட்டுக் கலைந்தோம்.

ஜூலைக் கூட்டத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 1813 ஜூலையில் அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சனும் அவர் மனைவி ஆனும் இந்த யாங்கோனில், அன்றைய ரங்கூனில், வந்து இறங்கினார்கள் என்பதால் ஜூலையில் அவரைப் பற்றி யாராவது பேசுவார்கள். என்ன பேசுவோம்? ஆறு வருஷம் காத்திருந்து 1819இல் முதல் ஆளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். இங்கிலீஷ்காரருக்கும் பர்மிய ராஜாவுக்கும் நடந்த சண்டையில் 1824இல் தலைநகர் ஆவாவில் அவரைச் சிறையில் போட்டார்கள். மொழிபெயர்ப்புத் தாள்களை ஆன் ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்துக் காப்பாற்றினார். 1834இல் பர்மிய வேதாகமம் முழுதும் மொழிபெயர்த்து முடிந்தது. அல்லேலூயா சொல்லி உட்கார்ந்துவிடுவோம். இந்த முறை பேசின தங்கை நர்ஸ் வேலை பார்க்கிறவர். நாம் தாண்டிப் போகிற வருஷங்களையே அவர் எடுத்தார். விடுதலையாகி வந்த பிறகு, 1826இல் ஆன் இறந்தார். ஆறு மாதத்தில் கைக்குழந்தை மரியாவும் போய்விட்டாள். ஜட்சன் உடைந்துபோய்க் காட்டுக்குள் தனிக் குடிசையில் இருந்தார். தனக்கு ஒரு குழி வெட்டி அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தேவனை விசுவாசிக்கிறேன், ஆனால் அவரைக் கண்டடைய முடியவில்லை என்று 1829இல் எழுதினார். "இவருக்குச் சந்தோஷம் இருந்ததா, இல்லையா?" என்று கேட்டுவிட்டுத் தங்கை உட்கார்ந்துகொண்டார்.

கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் கரண்டு போனது, பேச்சு நிற்கவில்லை. குழிப் பக்கத்திலிருந்து அவரை எழுப்பித் திரும்ப மொழிபெயர்ப்பு மேசையில் உட்கார வைத்தது எதுவோ, அதைத்தான் பவுல் சந்தோஷம் என்கிறார் என்று மூத்தவர் ஒருவர் சொன்னார். "அப்படியானால் அதற்கு வேறே பேர் வைத்திருக்கலாம்" என்றார் தங்கை. இரண்டையும் அப்படியே மினிட்ஸில் எழுதியிருக்கிறேன்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். நம் சாட்சி நேரம் விசா அறிவிப்பு நேரமாகிக்கொண்டிருந்தது. சிங்கப்பூர் வேலை கிடைத்தது, ஸ்தோத்திரம். மலேசியாவுக்குப் பேப்பர் வந்தது, ஸ்தோத்திரம். நல்லதுதான், எல்லாரும் கை தட்டினோம். ஆனால் பின் வரிசையில் கிடைக்காதவர்கள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றும் கிடைக்காதவர்களும் சாட்சி சொல்ல இடம் கொடுப்பது என்று ஆகஸ்டில் கமிட்டி முடிவு செய்தது. செப்டம்பரில் நம் மூத்த பாட்டி எழுந்தார். 1964இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு அண்ணன்மார் எல்லாம் மெட்ராஸ் கப்பல் ஏறிவிட்டார்கள். படுத்த படுக்கையாக இருந்த தாயாருக்காகப் பாட்டி மட்டும் இங்கே நின்றுவிட்டார். "ரொம்ப நாள் கோபமா இருந்தேன். ஒரு நாள் அம்மாவுக்குக் கஞ்சி கரைக்கும்போது பாட்டு வந்துச்சு. நான் பாடலை, அதுவா வந்துச்சு. அன்னிக்கும் ஒண்ணும் மாறலை. ஆனா அது போகவும் இல்லை" என்றார். அவ்வளவுதான் சாட்சி. இன்னும் ஏதோ வரும் என்று நாங்கள் காத்திருந்தோம். பாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அக்டோபரில் பிலிப்பியர் நிருபத்தின் நாலாம் அதிகாரம். எந்த நிலைமையிலும் 'மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்' என்று பவுல் சொல்கிற இடத்தில் பிள்ளைகளுக்கு மனரம்மியம், அதாவது மனநிறைவு, என்கிற சொல் விளங்கவில்லை. பர்மிய வேதாகமத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டார்கள். 'கற்றுக்கொண்டேன்' மட்டும் ஒரு பையனுக்குப் பட்டென்று பிடிபட்டது. "அப்போ அவருக்கும் முதல்ல தெரியாதா?" என்றான். வருஷம் முழுக்க நாங்கள் பேசினதில் எனக்கு அதிகம் உதவின கேள்வி அதுதான். சந்தோஷம் வரவில்லையே என்று என் விசுவாசத்தையே சந்தேகித்துக்கொண்டிருந்தேன். பாடம் பாதியில் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன்.

நவம்பரில் கிறிஸ்துமஸ் சமையலை யார் பார்ப்பது என்று நடந்த தகராறு ஊருக்கே தெரியும். போதகர் ஐயா கண்டிக்கவில்லை, அதே அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தை வாசித்தார். எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்கள் ஒத்துப்போக வேண்டும் என்று பவுல் கெஞ்சுகிறார். இரண்டு வசனம் தள்ளித்தான் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள் என்கிறார். சம்பந்தப்பட்ட அக்காமார் இருவரும் சிரித்துவிட்டார்கள். பிரியாணி ஒருவர், கோழிக் குழம்பு ஒருவர் என்று முடிந்தது.

டிசம்பர் பிறப்பை ஊரோடு சேர்ந்து 'ஸ்வீட் டிசம்பர்' என்று பாடி வரவேற்றோம். கரோலைப் பகலிலேயே முடித்துக்கொண்டோம்.

வரும் வருஷம் ஆபகூக், மூன்றே அதிகாரம். பிள்ளைகளின் தமிழ் வகுப்புக்கு ஆசிரியர் ஒருவர் தேவை; ஞாயிறு மதியம் ஒரு மணி நேரம் கொடுக்கக்கூடியவர்கள் என்னிடம் சொல்லவும். இன்வெர்ட்டர் பேட்டரி மாற்றியாக வேண்டும். கிறிஸ்துமஸுக்கு எடுத்துப்போன பெரிய டேக்சா பாத்திரம் இன்னும் திரும்பி வரவில்லை, யார் வீட்டில் இருக்கிறதோ அவர்கள் அடுத்த ஞாயிறு கொண்டுவந்து வைத்துவிடவும்.

அறிக்கையை ஏற்றுக்கொள்ள யாராவது முன்மொழியும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்