இரண்டு தந்தியில் ஒரு ராக் குழு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் இசைப் பகுதியில் மேற்கத்திய ராக் இசை பேசப்படும்போதெல்லாம் கிதார் வாசிப்பவரின் விரல் வேகமே பெரிதாகப் போற்றப்படுகிறது. முன்னணிக் கிதார்க் கலைஞரே இல்லாமல் ஒரு ராக் குழு இயங்கியது என்பதையும், அதன் இசை காவிரிக் கரைக் காதுக்கு அந்நியமன்று என்பதையும் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் 1989-இல் தொடங்கிய அக்குழுவின் பெயர் மார்ஃபின். (வலிநிவாரணியின் பெயரேதான், கனவுத் தெய்வமான மார்ஃபியசிடமிருந்து வந்தது என்ற விளக்கமும் உண்டு, நம்புவது அவரவர் விருப்பம்.) இருந்தவர்கள் மூவரே: இரண்டே தந்திகள் பூட்டிய பேஸ் கிதாரில் (தாழ்ந்த சுரங்களுக்கான கிதார்) ஸ்லைடை, அதாவது தந்திகளின் மேல் வழுக்கிச் செல்லும் குழலை, நகர்த்தியபடி பாடிய மார்க் சாண்ட்மேன், தாழ்ந்த குரலுடைய பாரிடோன் சாக்ஸபோன் ஊதிய டேனா கோலி, டிரம்ஸ் வாசித்த ஜெரோம் டூப்ரீ, பின்னாளில் டூப்ரீயின் இடத்துக்கு பில்லி கான்வே வந்தார். எல்லாமே மந்தர ஸ்தாயியில் ஒலிப்பதால் தம் இசையை 'லோ ராக்' (தாழ்சுர ராக்) என்றார் சாண்ட்மேன்.

வீணையில் உள்ளதுபோன்ற மெட்டுகளே (சுரத்தானக் கட்டைகள்) இல்லாத தண்டியில், தந்திகளின் மேல் கட்டையை இழுத்து, ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு இழை அறாமல் செல்லும் கோட்டு வாத்தியத்தைப் புகழ்பெறச் செய்த சகாராம ராவ் எங்கள் திருவிடைமருதூர்க்காரர். அதில் பெயர் பெற்ற கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் பூதலூர்க்காரர். சாண்ட்மேனின் பேசில் எனக்குக் கேட்பதும் அந்த இழைவுதான். என்ன, கோட்டு வாத்தியம் பாடும், இது முணுமுணுக்கும். கோலி சில வேளைகளில் இரண்டு சாக்ஸபோன்களை ஒன்றாக வாயில் வைத்து ஊதுவார். அதை வெறும் வித்தை என்று ஒதுக்குவோர் உண்டு. நாதசுரத்துக்குப் பக்கத்தில், ஒரே சுரத்தைப் பிடித்து நிற்கும் ஒத்து ஊதுவதைக் கேட்டே வளர்ந்த என்னால் அப்படி ஒதுக்க முடியவில்லை.

1999 ஜூலை 3 அன்று இத்தாலியின் பாலஸ்ட்ரீனாவில், மேடையிலேயே மாரடைப்பால் சரிந்து சாண்ட்மேன் மறைந்தார். அவருக்கு வயது 46. அவர் முடித்து வைத்திருந்த 'த நைட்' தொகுப்பு மறு ஆண்டு வெளிவந்தது.

இத்தகைய குழுக்களுக்கும் தங்கள் பகுதியில் இடமளிக்க வேண்டுகிறேன். புதிதாகக் கேட்க விரும்புவோர் 1993-இல் வந்த 'கியூர் ஃபார் பெயின்' தொகுப்பிலிருந்து தொடங்கலாம். கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் மட்டும் கேட்க வேண்டாம். அடித்தந்தியின் அதிர்வு முழுவதும் அதில் காணாமல் போய், சாக்ஸபோன் தனியே புலம்புவது போலிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவிடைமருதூர்.