ஏப்ரல் மாதத்து முதற்பக்கப் படம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஏப்ரல் 21 நெருங்கினால் உங்கள் பத்திரிகையை அம்மா எழும்ப முன்னரே எடுத்து அலுமாரிக்கு மேல் ஒளித்துவைப்பது என் வேலை. 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்துச் சிதைந்த ஆலயத்தின் படம் முதற்பக்கத்தில் இருக்கும்.

நாங்கள் கொட்டாஞ்சேனைக்காரர். அம்மாவுக்கு 71 வயது. 2019 வரை செவ்வாய் தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்துக்குப் போனவர். அங்கே குண்டு வெடித்த காலையில் வீட்டில்தான் இருந்தார். சத்தம் கேட்டது, அவ்வளவுதான். அதே ஆண்டு ஜூனில் ஆலயம் திறந்தாயிற்று. அம்மா போகவில்லை. "விசுவாசம் குறைஞ்சு போச்சு" என்று சொந்தக்காரர் ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார்.

வீட்டில் செபமாலை ஒருநாளும் தவறியதில்லையே! இது பயம். மூளைக்குள் வாதுமைப் பருப்பளவில் இரு பக்கமும் இருக்கிற அமிக்டலா, ஒரு சத்தத்தையும் ஓர் இடத்தையும் ஒரே தடவையில் ஆபத்தோடு முடிச்சுப் போட்டுவிடும். அம்மா சேலை மாற்றிக் கதவடிவரை வருவார். "இண்டைக்கு வேண்டாம்" என்று உட்காருவார். உட்கார்ந்ததும் படபடப்பு அடங்கும். அந்த ஆறுதலே மூளைக்குப் பரிசு. பரிசு எதில் கிடைத்ததோ அதையே திரும்பச் செய்யத் தூண்டுவது டோபமின் என்ற மூளை இரசாயனத்தின் வேலை. ஆகவே அடுத்த செவ்வாய் உட்காருவது இன்னும் சுலபம்.

உளவளத்துணையாளர் ஒருவர் சொன்னபடி சிறிது சிறிதாக நடந்தோம். முதலில் ஜம்பட்டா வீதி முனைவரை. படபடப்பு தானாக அடங்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும். பாதியில் திரும்பினால் பழைய பரிசுதான். அப்புறம் மணிச்சத்தம் கேட்கும் தூரம். இதனால் பயம் அழிவதில்லை. நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப்பகுதி 'இப்போது ஆபத்தில்லை' என்று புதிதாகக் கற்று அமிக்டலாவை அடக்கிவைக்கிறது. பழையது அடியில் அப்படியே கிடக்கும். சாப்பாட்டோடு பழகிய சத்தம் கேட்டதும் நாய்க்கு எச்சில் ஊறும் பழக்கத்தை நிறுத்தியபின்னும் சற்று நேரம் கழித்து அது தானாகத் திரும்புவதை ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் நூறு வருடத்துக்கு முன்பே கண்டார். பயத்தைத் திருப்பிக் கொண்டுவர ஒரு படம் போதும்.

போன ஏப்ரலில் தேநீர்க்கடையில் தொங்கிய பத்திரிகையை அம்மா பார்த்துவிட்டார். நாலு மாத நடை போச்சு. மறுபடியும் கதவடி.

நினைவுகூர வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. இறந்தவர்களின் பெயர்களைப் போடுங்கள், நீதி கேட்டு எழுதுங்கள். படத்தை மட்டும் உள்பக்கத்துக்குக் கொண்டுபோங்கள்.

போன செவ்வாய் ஆலய வாசல்வரை வந்தார். மெழுகுதிரி வாங்கி என் கையில் தந்து, "நீ போய் ஏத்திட்டு வா, நான் இதிலயே நிக்கிறன்" என்றார். நான் திரும்பி வரும்வரை நின்றார்.

இங்ஙனம்,
கொட்டாஞ்சேனை வாசகன்,
கொழும்பு 13