குழந்தைகள் நலக்குழுவில் சேர்ந்த தோழிக்கு

அன்புள்ள தோழிக்கு,

மாவட்டக் குழந்தைகள் நலக்குழுவில் நீ உறுப்பினராகிவிட்டாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. யாருக்கு என்ன வேலை என்றே பிடிபடவில்லை என்று எழுதியிருந்தாய். ஆதரவும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளை எங்கே, யாரிடம் இருக்க வேண்டும் என்று உத்தரவு போடுவது நீங்கள். ஓடியாடி வேலை பார்ப்பது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. தலைவரும் நான்கு உறுப்பினர்களும் சேர்ந்த உங்கள் குழுவுக்கு மாஜிஸ்திரேட் அதிகாரம் உண்டு. களப்பணியாளர், ஆற்றுப்படுத்துநர் (மனநல ஆலோசகர்), நிதி எல்லாம் அலகின் கையில். அதற்கு மேலே, நாம் சமூகப் பாதுகாப்புத் துறை என்று சொல்லிப் பழகிய துறை. இப்போது அதன் பெயர் குழந்தைகள் நலன் மற்றும் சிறப்புச் சேவைகள் துறை. உங்கள் உத்தரவை அந்தத் துறை தானாக மாற்ற முடியாது, மேல்முறையீடுதான் வழி. குழந்தைகள் இல்லங்களுக்குப் பணம் கொடுக்கும் இடமே எந்தப் பிள்ளை எங்கே இருப்பது என்றும் முடிவு செய்யாமலிருப்பது மிக நல்ல ஏற்பாடு.

பிள்ளை உங்களிடம் வந்து சேரும் பாதை பெரும்பாலும் ஒழுங்காகவே ஓடுகிறது. குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைப்பு வரும், அல்லது போலீஸ் அழைத்து வரும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் உங்கள் முன் ஆஜர்படுத்த வேண்டும். குழு கூடாத நாளில் ஒரே உறுப்பினர் முன்பும் ஆஜர்படுத்தலாம். இறுதி உத்தரவுக்கு மட்டும் குறைந்தது மூன்று பேர் வேண்டும்.

சிக்கல் பிள்ளையைத் திருப்பி அனுப்புவதில்தான். பிள்ளையின் குடும்பச் சூழலை விசாரித்து எழுதும் சமூக விசாரணை அறிக்கை 15 நாளில் வர வேண்டும், முதலில் ஆஜரான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் இறுதி உத்தரவு. ஆனால் போனில் நாலு வார்த்தை கேட்டு, 'வறுமை, தந்தைக்குக் குடிப்பழக்கம்' என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். அதை வாங்காதே. வீட்டில் யார் யார், பகலில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள், பாட்டியோ சித்தியோ பொறுப்பேற்பார்களா, கடைசியாகப் படித்த பள்ளி எது, பக்கத்து வீட்டார் சொல்வதென்ன, இத்தனையும் நேரில் போய்ப் பார்த்து எழுதச் சொல். வெளிமாவட்டப் பிள்ளை என்றால் அலகுக்கு அலகு போகும் கடிதம் மேசையிலேயே கிடக்கும். நீயே அந்த மாவட்டக் குழுவிடம் பேசி, தேதி குறித்து, வழக்கை மாற்றிவிடு.

வறுமை மட்டுமே காரணமென்றால் இல்லம் வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவில், பிள்ளை குடும்பத்தோடே இருக்க மாதம் ₹4,000 கிடைக்கும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமத்தில் ₹72,000, மற்ற இடங்களில் ₹96,000 தாண்டக் கூடாது. இது தாமதமாவது பெரும்பாலும் ஆதாரிலும் பாஸ்புக்கிலும் பெயர் ஒத்துப்போகாததால், இல்லாவிட்டால் வருமானச் சான்று வராததால். பிள்ளை வீட்டுக்குப் போகும் முன்பே இவற்றைத் தொடங்கச் சொல்.

வயதில் சந்தேகம் வந்தால் எலும்புப் பரிசோதனைக்கு உடனே அனுப்பாதே. முதலில் பள்ளிச் சான்று, இல்லையென்றால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்று, இரண்டும் கிடைக்காதபோதுதான் மருத்துவம்.

கைவிடப்பட்ட குழந்தை இரண்டு வயதுக்குட்பட்டதென்றால் இரண்டு மாதத்திலும், அதற்கு மேலென்றால் நான்கு மாதத்திலும் தத்துக்குத் தகுதியானதென்று அறிவிக்க வேண்டும். தாயே ஒப்படைத்தால் மறுயோசனைக்கு இரண்டு மாதம் உண்டு. அந்த நாட்களில் யாரும் அவளை எந்தப் பக்கமும் தள்ளக் கூடாது. தத்து உத்தரவு இப்போது ஆட்சியரிடம்.

நான்கு மாதம் தாண்டியும் இல்லத்திலேயே இருக்கும் பிள்ளைகளின் பட்டியலை ஒவ்வொரு மாதமும் முதல் அமர்வில் கேட்டு வாங்கு. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, எந்தத் தாளுக்காகக் காத்திருக்கிறது, அது யார் கையில் இருக்கிறது என்று எழுத வை.

அன்புடன்,
உன் பழைய சிநேகிதி