பழைய வானொலி, இசைத்தட்டு ஆர்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைக்கிறார். பட்டறையிலும் பதிவறையிலும் நடந்த பணிகளை மட்டும் இங்கே தருகிறேன்.

பட்டறைக்கு வந்த வால்வு ரேடியோக்களில் (டிரான்சிஸ்டருக்கு முந்தைய, கண்ணாடிக் குழாய்களால் இயங்குபவை) பல, பரணிலிருந்து இறக்கியதும் நேரே பிளக்கில் செருகப்பட்டதால் கெட்டவை. பல காலம் மின்சாரம் காணாத செட்டில் மெழுகு பூசிய காகிதக் கண்டன்சர்கள் (மின்னூட்டத்தைத் தேக்கும் பாகங்கள்) கசியத் தொடங்கியிருக்கும். ஸ்பீக்கரை இயக்கும் அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு (கரண்டைக் கட்டுப்படுத்தும் முனை) ஒலி சிக்னலைக் கடத்தும் கப்ளிங் கண்டன்சரை முதலில் மாற்றுங்கள். அது கசிந்தால் கிரிட்டில் பாசிட்டிவ் வோல்டேஜ் ஏறும். வால்வு அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்து, அவுட்புட் டிரான்ஸ்பார்மரையும் எரித்துவிடும். கண்டன்சர் சில ரூபாய்தான். பெரும்பாலான செட்டுகளுக்கு 0.01 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் பாலியஸ்டர் பொருந்தும். டி.சி. மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் ஃபில்டர் கண்டன்சரில் 32 மைக்ரோஃபாரட் இருந்த இடத்தில் 33 போடலாம். 100, 220 என்று ஏற்றினால் ஏ.சி.யை டி.சி. ஆக்கும் ரெக்டிஃபையர் வால்வு தாங்காது.

முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது 60 வாட் குண்டு பல்பை சீரீஸில் (மின்சாரம் பல்பு வழியாகச் செட்டுக்குப் போகும்படி) போடுவது கட்டாயம். பல்பு முழுப் பிரகாசத்தில் நின்றால் உள்ளே ஷார்ட், உடனே அணைக்கவும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது.

யூசிஎச்81, யூபிஎஃப்89, யூஎல்84, யூஒய்85 வால்வுகள் கொண்ட ஏ.சி./டி.சி. செட்டுகளில் (இருவகை மின்சாரத்திலும் ஓடுபவை) செட்டை மின்லைனிலிருந்து பிரிக்கும் மெயின்ஸ் டிரான்ஸ்பார்மரே கிடையாது. பிளக் திசை மாறினால் சேசிஸில் (உலோக அடிச்சட்டத்தில்) ஃபேஸ் நிற்கும்; குமிழ் கழன்ற தண்டைத் தொட்டாலே ஷாக். மின்லைனோடு நேர் இணைப்பைத் துண்டிக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் இவற்றைத் திறக்க வேண்டாம் என்று செயற்குழு முடிவு செய்துள்ளது.

பதிவறையில் நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் இசைத்தட்டுகளுக்கே முன்னுரிமை. 1933இல் மறைந்த நாடக நடிகரும் பாடகருமான எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரல் இன்றும் நமக்குக் கிடைப்பது இந்த அரக்குத் தட்டுகளால்தான். எனவே ஒரு விண்ணப்பம்: ஸ்பிரிட் தொட்ட துணியை இவற்றின் அருகே கொண்டு வராதீர்கள், அரக்கு அதில் கரையும். காய்ச்சி வடித்த நீரில் இரண்டு சொட்டுப் பாத்திரச் சோப்புத் திரவம் விட்டு, லேபிள் நனையாமல், பள்ளங்களின் போக்கிலேயே மென்மையான பிரஷ்ஷால் துடைத்து உடனே உலர்த்தவும்.

பிற்கால எல்.பி. தட்டுக்கான மெல்லிய ஊசி 78 தட்டின் அகன்ற பள்ளத்தின் அடியில் போய் அழுக்கின் மேல் ஓடும், இரைச்சல்தான் மிஞ்சும். 3 மில் (அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்கு) ஊசி வேண்டும். இடம், வலம் சேனல் இரண்டையும் மோனோவாக இணைத்தால் ஊசியின் மேல்கீழ் அசைவின் சத்தம் பெரிதும் அடங்கும். வேகம் பார்க்க 77 கோடுகள் கொண்ட ஸ்ட்ரோப் தட்டையே (விளக்கொளியில் கோடுகள் நின்றதுபோல் தெரிந்தால் வேகம் சரி) பயன்படுத்துங்கள். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு அதுவே சரி. 92 கோட்டுத் தட்டு 60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கானது. பழைய நாடகப் பாடல்களில் ஹார்மோனியம் இரு கட்டைகளின் சுருதிக்கு நடுவே நின்று ஒலித்தால் வேகத்தைச் சந்தேகிக்கலாம். ஆனால் அந்தக்கால ரீடுகளின் சுருதி பெட்டிக்குப் பெட்டி மாறும், அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

1939இல் தொடங்கிய திருச்சி வானொலியைக் கேட்டு வளர்ந்த குடும்பங்கள் மீடியம் வேவில் இப்போது இரைச்சல்தான் என்கின்றன. வீட்டு எல்.இ.டி. பல்புகளையும் சார்ஜர்களையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பல வீடுகளில் கோளாறு அங்கேதான்.

அடுத்த ஆண்டுக்கு ஓர் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மரும் உதிரி 3 மில் ஊசிகளும் வாங்கப் பொதுக்குழுவின் ஒப்புதல் கோருகிறேன். தட்டு தருவோர் லேபிள் எண்ணோடு, லேபிளை ஒட்டிய பள்ளமில்லாத பகுதியில் பொறித்த எண்ணையும் பதிவேட்டில் எழுத வேண்டுகிறேன்.

செயலாளர்