தியாகிப் பட்டம் வேண்டாம், வழக்கை முடித்துக் கொடுங்கள்

அணுஉலைப் போராட்டக்காரர்களைத் தியாகிகள் என்று பாராட்டும் அனைத்துக் கட்சித் தலைவர்களுக்கும்,

வணக்கம். கூடங்குளம் கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போராட்டம் நடந்த இடிந்தகரை லூர்து மாதா கோயில் பந்தலில் உங்களில் பலர் மைக் பிடித்துப் பேசியவர்கள்தான். போன வாரம்கூட ஒரு மேடையில் 'வாழும் தியாகிகள்' என்று பொன்னாடை போர்த்தினீர்கள். நன்றி. வழக்கு என்ன ஆச்சு என்று மட்டும் யாரும் பேசவில்லை.

2013 மே மாதமே உச்ச நீதிமன்றம், போராடியவர்கள் மீதான குற்ற வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதன்பிறகு வழக்குகளைத் தவணை முறையில்தான் வாபஸ் வாங்கினீர்கள்.

எஃப்.ஐ.ஆரில் நாலைந்து பெயர், அப்புறம் 'மற்றும் பலர்' என்று ஆயிரக்கணக்கில். அந்தப் பலரில் தானும் ஒருவன் என்பது ஒரு பையனுக்கு எப்போது தெரியும் தெரியுமா? வளைகுடாவில் மீன்பிடி வேலைக்கென்று பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்து, போலீஸ் விசாரணை அறிக்கையில் 'வழக்கு நிலுவையில்' என்று வரும்போது. அப்புறம் கோர்ட்டில் அனுமதி வாங்க வேண்டும். வக்கீலுக்குக் காசு வேண்டும். வாய்தா அன்றைக்குக் கடலுக்குப் போக முடியாது, போகாவிட்டால் காசு ஏது? அனுமதி கைக்கு வருவதற்குள் ஏஜென்ட் வேறொருவனை அனுப்பியிருப்பார். இவன் தியாகம் செய்யவில்லை ஐயா. இவனிடமிருந்து பிடுங்கினார்கள். வழக்கை முடியுங்கள்.

தியாகிகளை நாம் வைத்திருக்கும் லட்சணமும் தெரிந்ததுதானே. 1908-இல் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை, இடிந்தகரைக்காரர்கள் மீது போட்ட அதே ராஜத்துரோகப் பிரிவில். 1912-இல் வெளியே வந்தபோது வரவேற்கக் கூட்டமில்லை. வக்கீல் தொழில் செய்யும் சன்னது (உரிமம்) போய், பிழைப்புக்குக் கடை வைத்தார். சிறையில் தொழுநோய் வாங்கிவந்த சுப்பிரமணிய சிவாவை ரயிலில்கூட ஏற விடவில்லை. வ.உ.சி. இழுத்த செக்குக்கு மட்டும் வருஷம் தவறாமல் மாலை விழுகிறது. இடிந்தகரைக்காரர்களும் செத்த பிறகு சிலையாகட்டும் என்றுதான் காத்திருக்கிறீர்களோ? அதற்கும் திறப்பு விழா உண்டே!

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆளுங்கட்சியிலும் எதிர்க்கட்சியிலும் நீங்கள்தான் மாறி மாறி இருக்கிறீர்கள். ஆகவே பணிவாகக் கேட்கிறேன்: மிச்சமிருக்கும் வழக்குகளை எந்தச் சட்டப் பிரிவையும் விட்டுவைக்காமல் ஒரே அரசாணையில் திரும்பப் பெற்று, நீதிமன்றத்தில் முடித்து, அந்த உத்தரவு நகலைக் காவல் நிலையத்துக்கும் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கும் அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இடிந்தகரைப் பக்கத்து ஊர்க்காரன்